எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி

நிதானம் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. கூட வேலை செய்தவர்கள் வைத்தது. ஆயுளில் பாதிக்கு மேல் அவர் லிஃப்ட் பழுது பார்த்தார். நடுவழியில் லிஃப்ட் நின்று, உள்ளே இருப்பவர்கள் குய்யோ முறையோ என்று கத்திக்கொண்டிருக்கும்போது, மேலே எந்திர அறையில் இவர் முதலில் கையைத் துடைத்துக்கொள்வார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். அதற்கப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவார். "ஐயா, உள்ளே ஒரு அம்மா மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க போலிருக்கு" என்று யாராவது பதறினால், "பதறாத காரியம் சிதறாது" என்பார். கேட்டவர்களுக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போல இருக்கும். ஆனால் அவர் கைபட்ட லிஃப்ட் மறுபடி மக்கர் செய்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானத்தில், முன்பின் தெரியாத ஊரின் விமான நிலையத்துக்கு அடியில், நீல நிறப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எந்த ரயிலில் ஏறுவது என்று தெரியாமல் நின்றார். அவருக்கே அது புதுசு.

பெட்டி ஒன்றும் பெரிதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர்கள் குளிர்பானம் வைத்துக்கொள்வார்களே, அந்த அளவுதான். உள்ளே இருந்தது கடல் தாண்டிய ஊரில் முகம் தெரியாத ஒருவர் முந்தின நாள் படுத்துக் கிடந்து கொடுத்த, ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்கள். அவை இந்த ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முகம் தெரியாத இன்னொருவருக்குப் போக வேண்டும். அந்த இன்னொருவருடைய எலும்புக்குள் இருந்த நோய்ப்பட்ட பழையதையெல்லாம் டாக்டர்கள் மருந்து கொடுத்து அழித்துவிட்டார்கள். இனி அந்த உடம்பு தானாக ஒரு துளி ரத்தம் ஊறவைக்காது. பழையது போயாயிற்று, புதியது பெட்டியில் இருக்கிறது. பெட்டி சாயங்காலத்துக்குள் போய்ச் சேரவில்லை என்றால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த டாக்டர் வாயால் சொல்லவில்லை. குனிந்து தன் பேனாவைப் பார்த்தார்.

இப்படிப் பெட்டி சுமப்பதற்கென்று தொண்டர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, விதிகள் உண்டு. பெட்டி கையை விட்டு இறங்கக் கூடாது. குலுங்கக் கூடாது, அதனால் ஓடக் கூடாது. தூங்கக் கூடாது. உள்ளே என்ன என்று வழியில் யாரிடமும் அளக்கக் கூடாது. கொடுத்து முடித்த பிறகு நோயாளி யார் என்று விசாரிக்கக் கூடாது. வீட்டார் எதிர்ப்பட்டாலும் அதைப்பற்றிப் பேசக் கூடாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு நிதானத்தின் தம்பி, "கல்யாணத்துக்குக்கூட உனக்கு யாரும் இத்தனை நிபந்தனை போடலையே அண்ணே" என்று சிரித்தான்.

அந்தத் தம்பியால்தான் இவர் பெட்டி தூக்க வந்தார்.

பல வருஷத்துக்கு முன்னால் தம்பி இதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரியில், இதே மாதிரி வற்றிப்போய்க் கிடந்தான். வார்டு வாசலில் நிதானமும், தம்பி மனைவியும் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல் காத்திருந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர் நீலப் பெட்டியோடு வந்தார், நர்ஸிடம் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், திரும்பி நடந்தார். அவ்வளவுதான். தம்பி மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள். "மாமா, அவருக்கு ஒரு வாய் தண்ணியாவது கொடுங்க" என்று மட்டும் சொன்னாள். நிதானம் காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். வழக்கம்போல நிதானமாகத்தான் போனார். பச்சைச் சட்டைக்காரர் அதற்குள் லிஃப்டில் ஏறிவிட்டார். இவர் போய்ச் சேர்ந்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கையை வைத்திருந்தால் கதவு திறந்திருக்கும்.

ஆனால் மூடுகிற கதவில் கையையோ காலையோ வைப்பது என்பது நிதானத்தின் அகராதியில் பெரும் பாவம். எத்தனை பேரை அதற்காக வைதிருக்கிறார்! "உன் விரலைவிட உன் அவசரம் பெரிசா? அடுத்த தடவை வாயேன்" என்று கலெக்டரைக்கூட ஒருமுறை அதட்டியிருக்கிறார். அந்தத் தொழில் புத்தி அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டது. கதவு மூடியது. குவளைத் தண்ணீரோடு அவர் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "குடிச்சாரா மாமா?" என்று அவள் கேட்டபோது இல்லை என்று தலையை ஆட்டினார்.

தம்பி பிழைத்தான். தலைமுடிதான் திரும்பி வரவில்லை. வாய் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. "இப்போ உன் ரத்தம் வேற, என் ரத்தம் வேற அண்ணே. என்னை அதட்டணும்னா முதல்ல அந்த ஊர்க்காரர்கிட்ட அனுமதி வாங்கு" என்பான். ஆனால் பச்சைச் சட்டைக்காரர் பேச்சு வந்தால் மட்டும் குரல் தாழும். "உயிரைக் கொண்டாந்து கொடுத்துட்டு ஒரு வாய் தண்ணி குடிக்காம போயிட்டாரே மனுஷன்." அந்த ஒரு குவளைத் தண்ணீர் அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாகக் கீழே வைக்கப்படாமல் நிற்கிறது.

சரி, ரயிலுக்கு வருவோம்.

ஏற்பாட்டின்படி டாக்ஸி காத்திருக்க வேண்டும். வெளியே வந்தால், நகரத்துக்குப் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி குப்புறக் கவிழ்ந்து, பின்னால் எல்லாம் எறும்பு வரிசையாக நிற்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து இவருடைய பயணத்தை ஒருங்கிணைக்கும் பெண் அலைபேசியில் வந்தாள். "சார், ரோடு வேண்டாம். கீழே ரயில் இருக்கு. எது சரின்னு படுதோ அதுல ஏறுங்க. ஏறினதும் எனக்குச் சொல்லுங்க." குரல் அமைதியாகத்தான் இருந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் பேசும் குரல் அது.

ரயில் கூடத்தில் பலகை மின்னியது. நகரத்துக்கு இரண்டு வண்டி. ஒன்று விரைவு வண்டி: இங்கே ஏறினால் மத்திய நிலையம்தான், நடுவில் மூச்சு விடாது. ஆனால் மத்திய நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். இன்னொன்று சாதாரண வண்டி: எல்லா நிலையத்திலும் நிற்கும், ஆற அமரப் போகும், ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் விடும். இரண்டும் கிளம்பத் தயாராக நின்றன.

டிக்கெட் கொடுத்த பெண் நிமிராமலே சொன்னாள். "எல்லாரும் விரைவுலதான் போவாங்க."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்?" இப்போது நிமிர்ந்தாள்.

"நின்னுட்டா? கதவைத் திறப்பாங்களா?"

"நடு வழியில எப்படிங்க திறப்பாங்க? அது பாட்டுக்குப் போயிடும். அதெல்லாம் நிக்காது."

'அதெல்லாம் நிற்காது' என்று சொல்லப்பட்ட எத்தனையோ லிஃப்டுகளுக்குள் இருந்து எத்தனையோ பேரைத் தூக்கி எடுத்தவர் நிதானம். அவருக்குத் தெரிந்த ஒரே பயம், இரண்டு மாடிக்கு நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது. கதவு திறக்கும், எதிரே தரை இருக்கும் என்றால் எது நடந்தாலும் சமாளிக்கலாம். மாடிக்கு மாடி நிற்கிற லிஃப்டில் மாட்டிக்கொள்பவர் குறைவு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டபோது முடிவாகிவிட்டது.

"எல்லா நிலையத்திலயும் நிக்கிற வண்டிக்கே கொடும்மா."

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

வண்டியில் முன்பக்கம் எல்லாம் கூட்டம் நெருக்கித் தள்ளியது. பெட்டியை இடித்துவிடுவார்கள். பின்னால் நடக்க நடக்கக் கூட்டம் குறைந்தது. கடைசி கோச் கிட்டத்தட்டக் காலி. இத்தனை இடம் இருக்கும்போது இந்த ஜனங்கள் ஏன் அங்கே போய் நசுங்குகிறார்கள் என்று நிதானம் ஆச்சரியப்பட்டார். கூட்டம் ஒரு இடத்தை விட்டு விலகுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

கோச்சில் அவரைத் தவிர ஒரே ஒரு பெண். ஏதோ ஹோட்டலில் அறை துடைக்கும் சீருடை; வேலை முடிந்த களைப்பில், காலணிகளைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, சிவப்பு சாக்ஸ் போட்ட கால்களை எதிர் இருக்கையில் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். நிதானம் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. ஏறிவிட்டதாக ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். பக்கத்துத் தண்டவாளத்தில் விரைவு வண்டி ஒரே வீச்சில் இவரைத் தாண்டிப் போனது. 'போப்பா, போ' என்று மனசுக்குள் சொன்னார்.

பெட்டியின் மூடி மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். குளிர்ச்சி லேசாகத் தெரிந்தது. லிஃப்டில் ஆயிரக்கணக்கான பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார், ஒரு நாளும் இப்படித் தோன்றியதில்லை. ஒரு முழு மனிதருடைய வரப்போகிற வருஷங்கள் எல்லாம், அவர் சாப்பிடப்போகிற சாப்பாடு, போடப்போகிற சண்டை, சிரிக்கப்போகிற சிரிப்பு எல்லாம், இந்த மூடிக்குக் கீழே குளிரில் சத்தமில்லாமல் படுத்திருக்கின்றன. தன் மடிக்கு இதைத் தாங்கும் யோக்கியதை இருக்கிறதா என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

வண்டி நின்று நின்று போனது. ஒவ்வொரு முறையும் கதவு திறந்தது, தரை தெரிந்தது. அவருக்கு அது பெரிய ஆறுதல். அப்புறம் ஒரு சந்திப்பு நிலையம் வந்தது. கதவு திறந்தது. முன்னால் எங்கேயோ டணார் என்று ஓர் இரும்புச் சத்தம். வண்டி லேசாகக் குலுங்கியது. நிதானம் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

குலுக்கலில் அந்தப் பெண் விழித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"எங்கே போகணுங்க?"

"ஆஸ்பத்திரி நிலையம்மா."

"ஐயய்யோ!" எழுந்தே விட்டாள். "இது அங்கே போகாதுங்க! முன்னாடி நாலு கோச்சுதான் போகும். பின்னாடி நாலும் இங்கே கழண்டு, வந்த வழியே பின்னால போய்த் தொழிற்பேட்டைக்குத் திரும்பும். போர்டுல போட்டிருக்குமே, பார்க்கலையா?"

நிதானத்துக்குப் புரியவே இல்லை. ஆயுள் பூராவும் அவர் பார்த்தது லிஃப்ட். லிஃப்ட் நிற்கும், தொங்கும், கிறுக்குப் பிடித்து மேலேயும் கீழேயும் போகும். ஆனால் ஏறிய பிறகு பாதி ஒரு பக்கமும் பாதி ஒரு பக்கமும் போகாது. ஒரு வாகனம் இரண்டாகப் பிரியும் என்பது அவர் கனவிலும் நினைக்காதது. எதிரே எழுதி ஒட்டியிருந்தால்கூட அது தனக்குச் சொன்னதென்று அவருக்குத் தோன்றியிருக்காது.

"அடுத்த வண்டி?" என்றார்.

"ரொம்ப நேரம் ஆகுங்க. எழுந்திரிங்க, எழுந்திரிங்க! முன் வண்டி இன்னும் நிக்குது, ஓடுங்க!"

அவர் எழுந்தார், இறங்கினார். நடைமேடையில் நாலு கோச் நீளம். அதற்கப்பால் ஓர் இடைவெளி. அதற்கப்பால் தனியாகப் பிரிந்த முன்பாதி, கதவு திறந்து நின்றது. ஓடினால் பிடித்துவிடலாம்.

ஓடக் கூடாது.

வாழ்க்கையில் முதல்முறையாக நிதானத்துக்கு ஓட வேண்டும் என்று உடம்பெல்லாம் பதறியது. அப்போது பார்த்து ஓட முடியவில்லை. பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தரையை அழுத்தாமல், தன் வழக்கமான நடையில் நடந்தார். முன்னால் எச்சரிக்கை மணி கிணுகிணுவென்று அடித்தது. கதவு மூடப்போகிறது. "இருங்க!" என்று கத்தினார். மணிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. யாரோ ஒருவர் எலும்புக்குள் ஒன்றுமில்லாமல் படுத்திருக்கிறார். நான் காலி இடம் தேடி உட்கார்ந்தேன் என்று நினைத்தார்.

அவரைத் தாண்டிக்கொண்டு சிவப்பாக ஏதோ பறந்தது. அந்தப் பெண்தான். காலணி போட்டுக்கொள்ளக்கூட நிற்கவில்லை. சாக்ஸ் காலோடு ஓடி, முன் வண்டியின் கடைசிக் கதவு மூடப்போன அந்தக் கடைசி வினாடியில், தூக்கி வைத்தாள் காலை.

கதவு அவள் காலில் மோதித் திறந்தது. மறுபடி மூட வந்தது. மறுபடி மோதியது.

எந்தக் காரியத்துக்காக வாழ்நாள் முழுக்க ஜனங்களைத் திட்டினாரோ அந்தக் காரியம் கண்ணெதிரே நடந்தது. நிதானத்துக்கு அந்தக் காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கார்டு ஓடி வந்தார். கட்டையான, கோபக்கார மனிதர். "காலை எடும்மா! உனக்குக் கால் வேண்டாமா?"

"போனா போகுது சார், அவர் வரட்டும்!"

"எவர்?"

அவள் கை நீட்டினாள். கார்டு திரும்பிப் பார்த்தார். நடைமேடையில் ஒரு வயதானவர் ஊர்கோலம் போவது போல மெல்ல மெல்ல நடந்து வருகிறார். கார்டுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இவருக்கு என்ன, கல்யாண நடையா? சீக்கிரம் வாய்யா!" என்று கத்திக்கொண்டே எதிரே வந்தார். வந்தவர் கண் பெட்டியின் மேல் விழுந்தது. அதில் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்து: 'உயிருள்ள மனித அணுக்கள். நோயாளி காத்திருக்கிறார். குலுக்காதீர்கள்.'

கார்டு அதை உதடு அசைய வாசித்தார். ஒருமுறை வாசித்தவர் மறுபடி வாசித்தார். அப்புறம் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எந்த நிலையங்க?" குரலே மாறிப்போயிருந்தது.

"ஆஸ்பத்திரி."

"மெதுவா வாங்க. நான் ஊதாம இந்த வண்டி போகாது."

சொல்லிவிட்டு அவரும் நிதானத்தின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார். பின்னால் யாரும் வந்து இடித்துவிடாமல் ஒரு கையை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். நிதானத்தின் ஆயுளில் அவர் மெதுவாக நடப்பதற்காக ஒருவர் கோபித்துக்கொள்ளாமல் கூடவே நடந்தது அதுதான் முதல் தடவை. ஒரு முழு ரயில் அவருக்காக நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். முதலில் எரிச்சலாகப் பார்த்த முகங்கள். கார்டு நடக்கிற விதத்தைப் பார்த்ததும் அந்த எரிச்சல் ஒவ்வொன்றாக அணைந்தது.

அதற்குள் பின்பாதி வண்டி தன்பாட்டுக்கு வந்த வழியே பின்னோக்கி நகர்ந்தது. அந்தப் பெண்ணின் காலணிகளோடு போயே போய்விட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிதானம் உள்ளே காலை வைத்த பிறகுதான் தன் காலை எடுத்தாள். அவர் திரும்பி ஏதோ சொல்ல வாய் எடுப்பதற்குள் விசில் ஊதிவிட்டது, கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு சாக்ஸோடு நின்று, 'போங்க, போங்க' என்று கையை ஆட்டினாள். பெயர்கூடத் தெரியாது. தண்டவாளம் வளைந்தது, அவள் மறைந்தாள்.

கோச்சுக்குள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆனால் அவரைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் தானாக விலகியது. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். தாளில் எழுதியிருந்ததைப் பக்கத்தில் இருந்தவர் வாசித்தார். அவர் முகத்தைப் பார்த்து அடுத்தவர் வாசித்தார். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெட்டையான ஓர் ஆள் இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கூட்டம் சாய்ந்தால் தன் முதுகில் சாயட்டும் என்று அவருக்கு முன்னால் சுவராக நின்றுவிட்டான். காதில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, வெளியே சத்தம் போகாவிட்டாலும்கூட, அதை நிறுத்தினாள்.

அடுத்த நிலையத்தில் ஒரு கூட்டம் கச்சேரி போல இரைச்சலாக ஏறியது. உள்ளே இருந்தவர்கள் உதட்டில் விரல் வைத்தார்கள். ஏன் என்று தெரியாமலே ஏறியவர்கள் அடங்கினார்கள். அப்புறம் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அலைபேசி அதிர்ந்தது. ஒருங்கிணைக்கும் பெண். "சார், எங்கே இருக்கீங்க? விரைவுல வந்தவங்க எல்லாம் மத்திய நிலையத்துல இறங்கி எவ்வளவு நேரமாச்சு!"

"தெரியும்மா. என் தப்புதான். பக்கத்துல வந்துட்டேன்."

"பெட்டி?"

"பத்திரமா இருக்கும்மா." சுற்றிலும் பார்த்தார். "ரொம்பப் பத்திரமா இருக்கு."

வண்டி ஒரு பாலத்தில் ஏறியது. கீழே அகலமான ஆறு, அதற்கப்பால் ஊர். அடுக்கடுக்காக மாடிகள், வெயிலில் மின்னுகிற ஜன்னல்கள், ஜன்னல்கள், இன்னும் ஜன்னல்கள். எண்ணவே முடியாது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாராவது இருப்பார்கள். அவற்றில் ஒரே ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இவர் மடியில் இருப்பதற்காக ஒருவர் காத்திருக்கிறார். இத்தனை பெரிய உலகத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் எழுந்து போய்க் கையை நீட்டிப் படுக்கிறார். கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி காலணி இல்லாமல் ஓடுகிறாள். நடுவில் இருக்கிற ஒருவருக்கும் மற்றவர் பெயர் தெரியாது. நிதானத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி நிலையத்தில் கதவு திறந்தபோது யாரும் முண்டவில்லை. நெட்டை ஆள் முதலில் இறங்கி வழிவிட்டு நின்றான். அவர் இறங்கி நடந்து கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கார்டு விசில் ஊதவில்லை.

வார்டு மேல் மாடியில். ஒருங்கிணைக்கும் பெண் வாசலிலேயே நின்று அவரை அழைத்துப் போனாள். திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள் போலிருக்கிறது. கண்ணாடி அறைக்குள் நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். குளிர் ஆவி எழுந்தது. அவள் வெளியே எடுத்தது ஒரு சின்னப் பை. உள்ளங்கையில் அடங்கிவிடும். பழுத்த மாதுளைச் சாறு மாதிரி அடர்த்தியான சிவப்பு.

"இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டார் நிதானம்.

"ஒரு ஆளுக்கு இது போதும்" என்றாள் நர்ஸ். வெப்பமானியைப் பார்த்தாள், பையில் இருந்த எண்ணைச் சரிபார்த்தாள், நிமிர்ந்தாள். "நல்லா இருக்கு. சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. இப்பவே ஏத்திடுவோம்."

கை காலி. நெஞ்சுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் எல்லார் முன்னாலும் குழந்தையைப் போலத் தேம்பிவிடுவோம் என்று தெரிந்தது. கையெழுத்துப் போட்டார். திரும்பினார். வார்டு வாசல் நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். அவர் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், இப்போது அவரைப் பார்த்தாள். விதி இருக்கிறது. அவர் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார். லிஃப்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

லிஃப்டில் ஏறிப் பொத்தானை அமுக்கிய பிறகுதான் சட்டென்று உறைத்தது. ஆக, இப்படித்தான். அந்தப் பச்சைச் சட்டைக்காரர் தண்ணீர் வேண்டாம் என்று போகவில்லை. திமிர் இல்லை, அவசரம் இல்லை. அழுகை வந்துவிட்டது அவருக்கு. அதனால்தான் நிற்காமல் போனார். அட மனுஷா, இதை எத்தனை வருஷமாக நாங்கள் தப்பாக நினைத்துவிட்டோம்!

கதவு மூடத் தொடங்கியது.

வெளியே யாரோ வேகமாக வரும் சத்தம். மூடிக்கொண்டிருந்த இடைவெளியில் அந்தப் பெண் தெரிந்தாள். கையில் காகிதக் குவளை. தண்ணீர் விளிம்பு தளும்பிச் சிந்துகிறது. கதவைப் பார்த்து நின்றுவிட்டாள். கையை வைக்கத் தயங்குகிறாள். இடைவெளி ஒரு கை அளவுக்குக் குறைந்தது.

நிதானம் கையை நீட்டி நடுவில் வைத்தார்.

கதவு விரலில் மோதித் திறந்தது. வலித்தது. இத்தனை வருஷத்தில் அவருக்கு அது எப்படி வலிக்கும் என்றே தெரியாது.

அவள் குவளையை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, அடிச்சொட்டு வரைக்கும் குடித்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை. குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள் அவள்.

நிதானத்துக்குத் தாகமே இல்லை.

"கொண்டு வாம்மா" என்றார்.

அவள் குவளையோடு ஓடினாள். கதவு மறுபடி மூட வந்தது. நிதானம் காலைத் தூக்கிக் குறுக்கே வைத்தார். லிஃப்ட் கீகீ என்று கத்தத் தொடங்கியது. கீழ் மாடிகளில் பொத்தானை அமுக்கிக்கொண்டு நிற்பவர்கள் என்னென்ன சபித்தார்களோ தெரியாது. அவர் காலை எடுக்கவில்லை.